குளவிக்காகக் காத்திருந்தவள்

அந்தக் காரை நேரில் பார்ப்பதற்கு முன்பே ரோஸ்வித்தா மெர்டெஸ் அதை வெறுக்கத் தொடங்கிவிட்டாள். லிண்ட்வெர்ட் கம்பெனி புதிதாக ஒரு ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறது, வசந்தம் பிறந்ததும் நூர்புர்க் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு ஆடெனாவ் ஊருக்குள் நுழைந்தபோது பனி இன்னும் உருகியிருக்கவில்லை. ஊரே அந்தக் காருக்காகக் காத்திருந்தது. ரோஸ்வித்தாவும் காத்திருந்தாள். மற்றவர்கள் அது எப்படி ஓடும் என்று பார்க்கக் காத்திருந்தார்கள். அவள் அது எங்கே தவறும் என்று பார்க்கக் காத்திருந்தாள்.

அவள் தொழில் அப்படி. இன்னும் விற்பனைக்கு வராத கார்களை, கறுப்பு வெள்ளைக் கோலம் ஒட்டி உருவம் மறைத்து ஓட்டிப் பார்க்கிற கார்களை, வேலிக்கு வெளியே காட்டுப் பாதையில் ஒளிந்து நின்று படம் எடுத்து மோட்டார் பத்திரிகைகளுக்குக் கொடுப்பாள். கம்பெனிக்காரர்கள் அவளைத் திருடி என்பார்கள். அவள் நிற்பது பொது வழி, ஆகவே போலீஸ்காரர் வந்தாலும் குளிருக்கு ஒரு வாய் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. ஐம்பத்தைந்து வயது. தோளில் ஒரு மடக்கு ஏணி, கழுத்தில் கேமரா, முட்செடி கிழித்த கைகள். இருபது வருடமாக இதே வேலை.

ஹன்னலோரேயின் பெட்ரோல் பங்க்கில் ஒரு சின்னச் சாப்பாட்டு அறை உண்டு. பாதையில் ஓட்ட வருகிறவர்களும் ஊர்க்காரர்களும் அங்கேதான் உட்காருவார்கள். விழுந்து நொறுங்கிய கார்களைத் தூக்கிப்போகும் இழுவை லாரிக்காரன் பிட்டர் அன்று ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தான்.

"பின்னால எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். முன்னால சக்கரத்துக்கு ஒண்ணா ரெண்டு கரண்டு மோட்டார். மொத்தம் தொள்ளாயிரம் குதிரையாம்."

"தொள்ளாயிரம் குதிரை எதுக்குடா? உன்னை அந்த நாற்காலியில இருந்து கிளப்பவா?" என்றாள் ஹன்னலோரே.

"கேளு சொல்றேன். வளைவுல போகும்போது வெளிப்பக்கத்துச் சக்கரத்தை அந்த மோட்டார் தனியா இழுத்து விடுமாம். மூக்கு தானா உள்ள போயிடுமாம். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினாக்கூடத் திரும்புமாம்."

"அப்ப உன் லாரிக்கு வேலை போச்சு."

"எங்க போகும்? கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறவன் இன்னும் நிறைய வருவான்." பிட்டர் சிரித்தான். "கிளம்புறப்ப பெட்ரோல் சத்தமே வராது, மோட்டார் மட்டும் குளவி மாதிரி ஙொய்ங்னு போகும்னு சொல்றாங்க."

அன்றிலிருந்து அந்தக் காருக்கு ஊரில் குளவி என்றே பெயர் விழுந்தது.

ரோஸ்வித்தா சூப்பிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள். "யார் தலைமை?"

பிட்டர் ரொட்டியைத் தட்டில் வைத்தான். ஹன்னலோரே கோப்பை துடைக்கிற துணியைத் திருப்பித் திருப்பி மடித்தாள்.

"அவன்தான் ரோஸ்வித்தா. டிரெஸ்ஸல்."

ஃபோல்க்மார் டிரெஸ்ஸல் லிண்ட்வெர்ட் கம்பெனியின் சோதனைப் பிரிவுத் தலைவன். பாதைக்குப் பக்கத்தில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கும் பட்டறையில் ரோஸ்வித்தாவின் கணவன் லோதார் முன்பு மெக்கானிக்காக இருந்தான். கணவன் கம்பெனியின் ரகசியக் கார்களைக் கழற்றி மாட்டுகிறவன், மனைவி அதே கார்களை மறைந்திருந்து படம் எடுக்கிறவள். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கார் என்ற பேச்சே எழாது. எந்த வண்டி எப்போது வெளியே வரும் என்று லோதார் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. குளிரில் நின்று கால் மரத்துப்போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்களில்கூட, பதில் தெரிந்தவன் எதிரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பான். அவள் கேட்க மாட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில், லிண்ட்வெர்ட்டின் முந்தைய காரை மறைப்புத் துணி கிழிந்த நிலையில் அவள் படம் எடுத்தாள். காஞ்சொறிச் செடிக்குள் மூன்று வாரம் கிடந்து கிடைத்த படம். பத்திரிகை அதை அட்டையில் போட்டது. மறுநாள் மதியம் டிரெஸ்ஸல் பட்டறை முற்றத்துக்கு எல்லாரையும் வரச்சொல்லி, ரகசியத்தை வெளியே சொன்னவன் இவன்தான் என்று லோதாரை நடுவில் நிறுத்தினான். கருவிப் பெட்டியைத் தரையில் கொட்டச் சொன்னான். ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து, இது உன்னுடையதா கம்பெனியுடையதா என்று கேட்டான். கடைசியில் லோதார் உடுத்தியிருந்த நீல வேலையுடுப்பைக் காட்டி, "அதுவும் கம்பெனியோடது. கழட்டு," என்றான்.

லோதார் கழற்றினான். மழை பெய்துகொண்டிருந்தது. நீளக் கம்பளி உள்ளாடையும் பூட்சுமாக, கையில் கருவிப் பெட்டியோடு, பட்டறைக்குப் பக்கத்து பிரைட்ஷைட் பாலத்திலிருந்து வீடு வரைக்கும் தெருவோடு நடந்து வந்தான். வழியில் காரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னவர்களுக்குத் தலையாட்டி மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு பாதையைச் சுற்றியிருந்த எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாயென் போகும் சாலையில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் ரம்பங்களைப் பழுது பார்க்கப் போனான். தினமும் மரத்தூள் படிந்த புருவத்தோடு வீடு திரும்புவான். அவன் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. அவன் குறைப்பட்டிருந்தால் ரோஸ்வித்தாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வசந்தத்தில் குளவி வந்தது. முதல் தடவை அவள் கோட்டை விட்டாள். இத்தனை வருடமாகக் காதால் வேட்டையாடிப் பழகியவள். மேட்டில் என்ஜின் உறுமுவதைக் கேட்டே எந்தக் கம்பெனி வண்டி, எத்தனை சிலிண்டர், எத்தனை நொடியில் தன் முன்னால் வரும் என்று கேமராவைத் தயார் செய்வாள். குளவி பெட்ரோலை அணைத்துவிட்டு, கரண்டு மோட்டாரில் மட்டும் பட்டறைச் சந்திலிருந்து நழுவி வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் சாலையைக் கடந்து உள்ளே போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது வால் விளக்கு மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் டிரெஸ்ஸல். கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கையசைப்பு அவளை அந்தக் கோடை முழுக்கக் காட்டில் நிறுத்தியது.

அதே மாதம் டிரெஸ்ஸல் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். இந்த வண்டி களைப்படையாது, முதல் சுற்றும் பத்தாவது சுற்றும் இதற்கு ஒன்றுதான், ஓட்டுகிறவன் நினைப்பதற்குள் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தான். ரோஸ்வித்தா அதைக் கிழித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். பால் எடுக்கும்போதெல்லாம் படித்தாள். லோதார் அதைப் பார்த்தான், கிழிக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

வேர்ஸைஃபென் என்று ஒரு வளைவு. செங்குத்தாக இறங்கி, முழு வேகத்தில் வந்து, கடைசியில் இறுக்கமாக இடதுபக்கம் திரும்ப வேண்டும். பிரேக்கின் நேர்மையும் முன்சக்கரத்தின் பிடிப்பும் அங்கேதான் அம்பலமாகும். அதற்கு எதிரே வேலிக்கு வெளியே ஏணியை ஊன்றி ரோஸ்வித்தா ஒவ்வொரு சுற்றையும் எடுத்தாள். குளவி முதலில் வந்தபோது அவளுக்கே மூச்சு நின்றது. அத்தனை எடையும் இல்லாததுபோல, பூனை மேசைக்கு அடியில் நுழைவதைப்போல உள்ளே திரும்பி, வளைவின் நடுவிலேயே இழுத்துக்கொண்டு போயிற்று. இப்படி ஓர் இழுப்பை அவள் எந்தக் காரிலும் பார்த்ததில்லை. பார்க்க அழகாகவும் இருந்தது, அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் படங்களை வீட்டில் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. முதல் சுற்றில் முன்சக்கரங்கள் லேசாகத்தான் திரும்பியிருந்தன. இடம் அதே இடம், வேகம் அதே வேகம், ஆனால் பிந்திய சுற்றுகளில் சக்கரங்கள் அதிகம் திரும்பியிருந்தன. ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை அதிகம் ஒடிக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி வழியாகத் தெரிந்த ஓட்டுநர்களின் வாய்களும் இறுகியிருந்தன.

லோதார் கேரட் வெட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "பேட்டரி சூடாயிடுது. சூடானா முன் மோட்டார் ரெண்டும் விட்டுடும். அப்புறம் அது வெறும் கனமான பெட்ரோல் வண்டி."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? என்ஜினியருங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். குளிர வைக்கிற குழாயைப் பெருசா வைக்கணும்னா முன்பக்கத்தையே மாத்தணும். வெளிவிடுற தேதியைச் சொல்லிட்டான். மாத்த நேரமில்லை."

"தேதி சொன்னது டிரெஸ்ஸல்தானே?"

லோதார் கத்தியை வைத்தான். "ரோஸி, நீ படம் எடுத்துக்கோ. என் பேரை அதுக்குள்ள இழுக்காதே."

"உன் பேரை நான் இழுக்கலை. அவன்தான் இழுத்தான்."

"எனக்காகன்னு சொல்லாதே, அவ்வளவுதான்."

அவனுக்காக இல்லை என்று சொன்னால் அது பொய்யாக இருந்திருக்கும். அவனுக்காகத்தான் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. அவன் தெருவோடு நடந்து வந்த அந்த மதியத்தில், சமையலறை ஜன்னலிலிருந்து அவளும் பார்த்தாள். யாரோ குடிகாரன் என்று ஒரு கணம் நினைத்திருந்தாள்.

செப்டம்பரில் கம்பெனி பெரிய மனிதர்களையும் விருந்தாளிகளையும் அழைத்துக் குளவியை ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"எல்லாருக்கும் கம்பெனியே அழகான படம் குடுக்கப்போகுது. எனக்கு அழகான படம் வேண்டாம் ரோஸ்வித்தா."

"எனக்கும் வேண்டாம்."

"டிரெஸ்ஸலே ஓட்டுறானாம். வேற யாரையும் ஓட்ட விடலையாம்."

"அப்படித்தான் ஓட்டணும்னு நானும் வேண்டிக்கிட்டிருந்தேன்."

அன்று காலை மழை பெய்து விட்டிருந்தது. தார் காய்ந்துவிட்டது, புல் மட்டும் ஈரம். ரோஸ்வித்தா வேலிக்கு வெளியே அவரைச்செடி மாதிரி படர்ந்திருந்த முட்கொடியை மிதித்து ஏணியை ஊன்றினாள். முதல் சுற்றில் குளவி பறந்தது. இரண்டாவது சுற்றில் இன்னும் வேகம். மேலே தொடக்கக் கோட்டில் விருந்தாளிகள் கைதட்டிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாராயிருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று என்று அவன் போய்க்கொண்டேயிருந்தான். களைப்படையாத வண்டி என்று சொன்னவனாயிற்றே.

ஒவ்வொரு தடவையும் அவள் முன்சக்கரங்களை மட்டும் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல். இன்னும் கொஞ்சம். 'வா, வா' என்று வாய்க்குள் சொன்னாள். யாராவது கேட்டிருந்தால் பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஐந்தாவது சுற்றில் குளவி இறக்கத்தில் வந்து, பிரேக் பிடித்து, இடதுபக்கம் மூக்கைத் திருப்பி, பாதி வளைவில் நின்றுவிட்டதைப்போல விறைத்தது. முன் மோட்டார்கள் கைவிட்டன. சக்கரங்கள் முழுக்க ஒடிந்திருந்தும் வண்டி நேராகவே போயிற்று. ஈரப் புல்லில் ஏறி, ஒரு சுற்றுச் சுழன்று, பின்பக்கம் இரும்புத் தடுப்பில் மோதி நின்றது. பெரிய மோதல் இல்லை. ஒரு வாளியைக் கீழே போட்ட சத்தம். மண்வாசனையும் ரப்பர் நாற்றமும் வேலிவரை வந்தன. அவள் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கூரையில் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கியது.

அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று பாதையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். வண்டியின் உடம்பில் மின்சாரம் கசிந்திருக்கலாம். ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் ஆள் முடிந்தான். உள்ளே இருக்கிறவன் கதவு விளிம்பில் ஏறி நின்று, எதையும் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து எட்டக் குதிக்க வேண்டும்.

கதவு திறந்தது. டிரெஸ்ஸல் வெளியே எட்டிப் பார்த்தான். உயரமான ஆள், நரைத்த தாடி, கம்பெனிப் பெயர் மார்பில் பொறித்த பளபளக்கும் வெள்ளை உடுப்பு. கதவு விளிம்பில் குந்தி உட்கார்ந்தான். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டான், பிறகு விரித்தான். கீழே பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். இரண்டு கால், இரண்டு கை, வாய் திறந்தபடி, ஆகாயத்தில். ஈரப் புல்லில் வழுக்கி நாலு காலில் விழுந்து, பயத்தில் அப்படியே இன்னும் இரண்டு தத்தல் தத்தி வண்டியை விட்டு விலகினான்.

ரோஸ்வித்தாவின் விரல் பொத்தானை விட்டு எழவேயில்லை.

கார் புல்லில் கிடப்பதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். இதை வேண்டிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றியிருக்காது. ஏணியின் மேல் நின்றபடி சத்தமாகச் சிரித்துவிட்டாள். டிரெஸ்ஸல் தலை தூக்கினான்.

"யாரது?"

"அடி ஒண்ணும் படலையே ஹெர் டிரெஸ்ஸல்?"

முழங்காலில் எழுந்து, தாடியிலிருந்த சேற்றைத் துடைத்தான். "ஃப்ராவ் மெர்டெஸ்."

"ஞாபகம் இருக்கே. பரவாயில்லை."

அவன் வேலிக்கு அருகே வந்தான். "என்ன எடுத்தீங்க?"

"எல்லாம்."

அவன் மேல் வளைவைப் பார்த்தான். மீட்பு வண்டி இன்னும் வரவில்லை. குரலைத் தாழ்த்தினான். "இங்க பாருங்க. நாம பெரியவங்க. உங்க வீட்டுக்காரரை நான் திரும்ப எடுத்துக்கறேன். நாளைக்கே. பழைய இடத்துலயே."

"ரகசியத்தை வெளிய சொன்ன ஆளையா?"

"அவர் சொல்லலை."

"அப்படியா? எப்பலருந்து?"

"எனக்கு அப்பவே தெரியும்." அவசரத்தில் வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. "படம் வந்ததும் மேல ஒரு பேர் கேட்டாங்க. யாரோ ஒருத்தர் பேரைக் குடுக்கணும். நீங்க அவர் மனைவி. அந்தப் பேர் சுலபமா வந்துது. தனிப்பட்ட முறையில எனக்கு அவர் மேல ஒண்ணுமே இல்லை, நம்புங்க."

ஆறு வருடமாக அவள் அவனை எத்தனையோ விதமாக நினைத்திருந்தாள். முரடன், சந்தேகப் பிராணி, கோபக்காரன். லோதார் குற்றம் செய்தான் என்று அவன் நம்பியாவது இருப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. அந்த நம்பிக்கைகூட இல்லாமல்தான் மழையில் ஒரு மனிதனை உடுப்பைக் கழற்ற வைத்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"அந்த உடுப்பு கம்பெனி குடுத்ததா?" என்று கேட்டாள்.

"எது? இதுவா? ஆமாம். ஏன்?"

"கழட்டுங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் செங்கல் நிறமானது. "கழட்டினா அந்தப் படத்தை அழிச்சிடுவீங்களா?"

அவள் பேசாமல் அவனையே பார்த்தாள். அந்த மௌனத்தை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கழுத்திலிருந்து ஜிப்பை இறக்கினான். தோளிலிருந்து, இடுப்பிலிருந்து, முழங்கால் வரைக்கும். வெள்ளை உள்ளாடையில், தொப்பை துருத்திக்கொண்டு, மூக்கு ஒழுக நின்றான். மறுபடி தூறல் போடத் தொடங்கியிருந்தது. மேல் வளைவில் மீட்பு வண்டியின் மஞ்சள் விளக்கு தெரிந்ததும் பதறி உடுப்பை மேலே இழுத்தான். கை தப்பான ஓட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதையும் படம் எடுத்தாள்.

"நாம பேசிக்கிட்டபடி..." என்றான் அவன்.

"நான் என்ன பேசினேன் ஹெர் டிரெஸ்ஸல்? நீங்கதான் பேசினீங்க."

ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள். பின்னால் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். கம்பெனிக்காரர்கள் ரப்பர் கையுறையோடு வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் அதற்குமேல் கத்த முடியவில்லை.

மறுநாள் காலை, அவன் தவளையாகத் தாவும் அந்தப் படம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சிவப்பு விளக்கு, திறந்த வாய், விரிந்த கைகள். அடியில் அவன் பேட்டியின் அந்த ஒரு வரியை மட்டும் ஆசிரியர் போட்டிருந்தார்: இந்த வண்டி களைப்படையாது. பிட்டர் அதைப் பெரிதாக அச்சடித்து இழுவை லாரியின் கதவில் ஒட்டினான்.

அதற்கு முந்தின மாலையே லோதாருக்கு அவள் காட்டிவிட்டாள். மரத்தூள் உதிர உட்கார்ந்து அவன் படத்தைப் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரித்தான், இருமும் வரை சிரித்தான், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. ரோஸ்வித்தாவுக்குக் கண் நிறைந்தது. அந்தச் சூட்டோடு அடுத்த படத்தையும் காட்டினாள்.

லோதாரின் சிரிப்பு நின்றது. "இது என்ன?"

"கழட்டச் சொன்னேன். கழட்டினான். அவனுக்குத் தெரியுமாம் லோதார். நீ சொல்லலைன்னு அப்பவே தெரியுமாம்."

"எனக்கும் தெரியும்."

"என்ன?"

"நிஜமா நம்பினவன் கோபப்பட்டிருப்பான். அவன் கோபமே படலை. பட்டியல்ல சாமான் சரிபாக்கிற மாதிரி நின்னான்." படத்தை அவள் பக்கம் தள்ளினான். "நான் நடந்து வந்தப்ப தெருவே பாத்துது. ஆனா யாரும் படம் எடுக்கலை ரோஸி. ஹன்னலோரே திரைச்சீலையை இழுத்து மூடினா. பாத்தேன். இதை அழிச்சிடு."

"அவன் செஞ்சதைவிட இது ஒண்ணும் அதிகமில்லை."

"அதேதான் சொல்றேன். அழிச்சிடு."

சரி என்றாள். அழித்துவிட்டதாகவும் மறுநாள் சொன்னாள். அழிக்கவில்லை. இன்றைக்கும் வைத்திருக்கிறாள். யாருக்கும் கொடுத்ததில்லை, காட்டியதில்லை. சில சமயம் எடுத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

குளவி வெளிவருவது ஒரு வருடம் தள்ளிப்போனது. மேலிடத்தில் மறுபடியும் ஒரு பெயர் கேட்டிருப்பார்கள், இந்தத் தடவை டிரெஸ்ஸலின் பெயர் சுலபமாக வந்திருக்கும். அவனை வடக்கே எங்கேயோ விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையாகப் பாதைக்கு இனி அவன் வரப்போவதில்லை. அதோடு இரண்டு இளம் என்ஜினியர்களுக்கு வேலையே போயிற்று. குளிர்விக்கும் குழாய் போதாது என்று முன்பே சொன்னவர்கள் அந்த இருவர்தான் என்று பிட்டர் சொன்னபோது ரோஸ்வித்தா சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் வழக்கம்போல ஏணியை எடுத்துக்கொண்டு போனாள்.

டிரெஸ்ஸலின் இடத்துக்கு வந்த லூடெர்ஸ் என்ற பெண்மணி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்து, லோதாரிடம் மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு அழைத்தாள். ரோஸ்வித்தா காபிகூடக் கொடுக்கவில்லை. வந்தவள் போனதும் லோதார் சொன்னான், "போகலாம்னு இருக்கேன்."

"அந்தக் கம்பெனிக்கா? உனக்கு வெக்கமா இல்லை?"

"அந்த ஆள் மேலதான் எனக்குக் கோபம். வண்டி மேல என்ன கோபம்? அந்த முன் அச்சை ஒரு தடவை கழட்டிப் பாக்கணும்னு கோடை முழுக்க எனக்குக் கை அரிச்சுது. உன் படத்தைப் பாத்துப் பாத்துத்தான்."

அவள் ஒரு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவன் புது நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு பாலத்தை நோக்கி அதே தெருவில் நடந்து போனதை அதே ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவன் விசில் அடித்துக்கொண்டு போனான்.

மூக்கு மாற்றிய குளவி மறு ஏப்ரலில் வந்தது. ரோஸ்வித்தா வேர்ஸைஃபெனில் நின்று முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் எடுத்தாள். முன்சக்கரங்கள் ஒரே அளவுதான் திரும்பியிருந்தன. வண்டி களைப்படையவில்லை. இறக்கத்தில் வந்து, மூச்சு விடுகிற நேரத்தில் திரும்பி, பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறும்போது பெட்ரோலும் கரண்டும் சேர்ந்து தள்ளுகிற சத்தம் அவள் விலா எலும்பில் கேட்டது. டிரெஸ்ஸல் சொன்னது கடைசியில் நிஜமாகிவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு, நிஜமாகும்போது அவன் இங்கே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதில் ஒரு திருப்தி இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில், பொதுமக்களுக்குப் பாதையைத் திறந்துவிடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹன்னலோரேயின் அறை நிரம்பியிருந்தது. ரோஸ்வித்தாவும் லோதாரும் ஜன்னலோரம் பட்டாணி சூப்பும் தொத்திறைச்சியுமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்து டிரெஸ்ஸல் வந்தான். தாடி இல்லை, சாதாரணச் சட்டை. தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்திருப்பான் போல. பெட்ரோலுக்குக் காசு கொடுக்க வரிசையில் நின்றான்.

பின்னால் எங்கேயோ பிட்டர், தட்டிலிருந்து தலை தூக்காமல், தொண்டையிலிருந்து, "க்வாக்," என்றான்.

இன்னொரு மேசையில் ஒரு க்வாக். பிறகு அந்த மூலையில் இரண்டு. யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் தின்றுகொண்டே தவளையாகக் கத்தினார்கள். டிரெஸ்ஸல் காசை மேசையில் வைத்துவிட்டு, மீதியை வாங்காமல் வெளியே போனான். அவன் கழுத்து சிவந்திருந்ததை ரோஸ்வித்தா பார்த்தாள். அந்த நேரம் அவளுக்கு அத்தனை இனிப்பாக இருந்தது.

லோதார் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க போறே?"

"இரு, வரேன்."

கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். லோதார் பம்புக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்துவிட்டான். டிரெஸ்ஸல் முதலில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். லோதார் ஏதோ சொன்னான். கையால் ஒரு முன்சக்கரம் திரும்புவதைப்போலக் காட்டினான். டிரெஸ்ஸல் கேட்டான். பிறகு அவனும் கையால் ஏதோ காட்டினான். இருவரும் அப்படியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், மழையா பனியா என்று தெரியாத ஒரு தூறலில்.

என்ன பேசினான் என்று அவள் பிறகு கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அப்போது எதிரில் அவன் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ரோஸ்வித்தா தன்னுடையதை முடித்துவிட்டு, அவனுடைய கிண்ணத்தையும் இழுத்து வைத்துக்கொண்டு, கடைசி வரை குடித்தாள்.